தோல்வி முதல் அடுத்த ஆட்டம் வரை: பள்ளி சாஃப்ட்பால் பயிற்சியாளருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு ரன் வித்தியாசத்தில் கைநழுவிய ஆட்டத்துக்குப் பிறகு, உயர்நிலைப் பள்ளி அணியை அடுத்த ஆட்டத்துக்குத் தயார்ப்படுத்த ஒரு பயிற்சியாளர் செய்ய வேண்டிய வேலைகளை, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் எளிய வேலைகள். புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் இடறுவது பெரும்பாலும் வரிசையில்தான்: ஆட்டம் முடிந்த சூட்டிலேயே தவறுகளை அலசுகிறார்கள், ஸ்கோர் புத்தகத்தைத் திறக்காமலே பயிற்சியைத் திட்டமிடுகிறார்கள், எதை அளப்பது என்று முடிவு செய்யாமலே மறுபடி களமிறங்குகிறார்கள். நானும் முதல் இரண்டு சீசன்கள் அப்படித்தான் நடத்தினேன். ஆட்டத்தின் அடிப்படை விதிகள் தெரிந்தவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

1. சீசன் தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதல் தேவை, ஒவ்வொரு பந்தையும் குறிக்கும் ஸ்கோர் புத்தகம். ரன்னையும் அவுட்டையும் மட்டும் எழுதும் புத்தகம் தோல்விக்குப் பிறகு எதற்கும் உதவாது. முதல் பந்து ஸ்ட்ரைக்கா பாலா, எந்தப் பந்தில் ரன்னர் நகர்ந்தார், கேட்சர் தவறவிட்டதா பிட்சர் கைதவறி வீசியதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதற்கென ஒருவரை நியமித்து, அவருக்கு வேறு எந்த வேலையும் தராதீர்கள். தண்ணீர்ப் புட்டி எடுத்துக் கொடுப்பவரே ஸ்கோரையும் எழுதினால், ஆட்டம் சூடுபிடிக்கும் இடத்தில்தான் பக்கம் வெறுமையாக இருக்கும்.

இரண்டாவது, ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலுள்ள வேலியில் பொருத்திய ஒரு கைபேசி. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. நான்கு பேஸ்களும் ஒரே சட்டகத்துக்குள் தெரிந்தால் போதும். பந்தைத் துரத்திப் படமெடுத்தால், பந்து இல்லாத இடத்தில் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்பது பதிவாகாது. நமக்கு வேண்டியது அதுதான்.

மூன்றாவது, பெற்றோருடன் ஓர் உடன்பாடு. ஆட்டம் முடிந்து ஒரு நாள் கழியும்வரை பயிற்சியாளரிடமும் பிள்ளைகளிடமும் ஆட்டத்தைப் பற்றி எதுவும் கேட்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரின் பின்னிருக்கையில் ஒரு மாணவி எதிர்கொள்ளும் விசாரணை, மறுநாள் நீங்கள் நடத்தப்போகும் கூட்டத்தை முன்கூட்டியே கெடுத்துவிடும். தோற்ற பிறகு இந்த விதியைக் கொண்டுவந்தால், எதையோ மறைக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

2. கடைசி அவுட் முதல் இருபது நிமிடங்கள்

எதிரணியுடன் கைகுலுக்கல், பிறகு தண்ணீர், பிறகு உடலைத் தளர்த்தும் மெதுவான ஓட்டம், பிட்சரின் தோளையும் கேட்சரின் முழங்காலையும் பார்ப்பது. அதற்குப் பிறகே வட்டமாக உட்கார வேண்டும். வட்டம் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. என்ன ஸ்கோர், அடுத்த பயிற்சி எப்போது, எந்தப் பொருளை யார் எடுத்து வைப்பது ஆகிய மூன்று செய்திகள் போதும்.

நெஞ்சு படபடக்கும் நேரத்தில் பதினைந்து வயதுப் பெண் வார்த்தைகளைக் கேட்பதில்லை. குரலின் தொனியை மட்டுமே கேட்கிறாள். நீங்கள் கண்டுபிடித்ததாக நினைக்கும் காரணமும் அந்த நேரத்தில் பெரும்பாலும் தவறாகவே இருக்கும், ஏனென்றால் உங்கள் கண்ணிலும் கடைசிப் பந்துதான் நிற்கிறது.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது. ஓட்டம் என்றாலே தண்டனை என்று பழகிய அணி, அடுத்த வாரம் பேஸ் ஓட்டப் பயிற்சிக்கு வரும்போதே முகத்தைச் சுளிக்கும். இன்னொன்று, “பரவாயில்லை, நன்றாகத்தான் ஆடினீர்கள்” என்று தட்டிக்கொடுப்பது. நன்றாக ஆடவில்லை என்பது அவர்களுக்கே தெரியும். அப்படிச் சொன்னால், பிறகு நீங்கள் உண்மையாகப் பாராட்டும்போதும் நம்ப மாட்டார்கள்.

கடைசித் தவறைச் செய்த மாணவியை எல்லோர் முன்னிலையிலும் தேற்ற வேண்டாம். தேற்றுதலே அவளைச் சுட்டிக்காட்டுவதாகிவிடும். பொருட்களைத் தூக்கிச் செல்லும்போது பையின் ஒரு பிடியை நீங்களும் பிடித்துக்கொண்டு, வேறு எதையாவது பேசியபடி கூட நடந்து செல்லுங்கள்.

3. அன்றிரவு: தானமாகப் போன பேஸ்களை எண்ணுதல்

இந்த வேலையைப் பயிற்சியாளர் தனியாகச் செய்ய வேண்டும். ஏழு இன்னிங்ஸில் எதிரணியிடமிருந்து எடுக்க வேண்டியவை இருபத்தொரு அவுட்கள். எடுத்திருக்க வேண்டிய அவுட்டைத் தவறவிட்ட ஒவ்வொரு முறையும் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருபத்தைந்து அவுட் எடுக்க வேண்டியிருந்த அணி, ஒரு இன்னிங்ஸுக்கும் மேலாகக் கூடுதலாகக் களத்தில் நின்றிருக்கிறது என்று பொருள்.

அதன் பிறகு, எதிரணி அடித்துச் சம்பாதிக்காத பேஸ்களைத் தனியாக எழுதுங்கள்: நான்கு பாலில் கிடைத்த வாக், உடலில் பட்ட பந்து, கைதவறிய வீச்சு, கேட்சர் தவறவிட்டது, ஃபீல்டிங் பிழை, காவல் இல்லாத பேஸுக்கு ஓடியது. எங்கள் அணியில் இதற்குத் “தானம்” என்று பெயர். பெயர் வைத்ததில் ஒரு நன்மை உண்டு; “நீ தவறு செய்தாய்” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “அந்த இன்னிங்ஸில் நான்கு தானம்” என்று சொல்லிவிடலாம்.

ஓர் இன்னிங்ஸை முழுதாகக் காட்டுகிறேன். ஆறாவது இன்னிங்ஸ், நாங்கள் 3-2 என்று முன்னிலையில் இருந்தோம். முதல் பேட்டருக்கு முதல் பந்தே பால், முடிவில் வாக். அடுத்த பேட்டர் பண்ட் செய்தார், அதாவது மட்டையை வீசாமல் பந்தை அருகிலேயே மெல்லத் தட்டிவிட்டார். மூன்றாம் பேஸ் ஆட்டக்காரி பாய்ந்து வந்து பந்தை எடுத்து, முதல் பேஸைக் காக்க ஓடிவந்திருந்த இரண்டாம் பேஸ் ஆட்டக்காரியிடம் வீசினாள், அவுட். ஸ்கோர் புத்தகத்தில் அது 5-4 என்று பதிவானது (மூன்றாம் பேஸ் ஆட்டக்காரியின் இட எண் 5, இரண்டாம் பேஸ் ஆட்டக்காரியுடையது 4), கைதட்டலும் கிடைத்தது. ஆனால் வாக்கில் வந்த ரன்னர் இரண்டாம் பேஸில் நிற்கவில்லை. மூன்றாம் பேஸ் காலியாகக் கிடந்ததைப் பார்த்து ஓடினார். எங்கள் இரண்டாம் பேஸ் ஆட்டக்காரி பதறி அங்கே வீச, பிடிக்க ஆளில்லாமல் பந்து இடது ஓரக் கோட்டைத் தாண்டி உருண்டது, ஸ்கோர் சமன். அடுத்தது ஷார்ட்ஸ்டாப்பிடம் தரையடி, இரண்டு அவுட். அதற்கடுத்த பேட்டர் மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் காற்றில் வீசினார். பந்து தரையில் பட்டு கேட்சரின் கையிலிருந்து நழுவியது. இரண்டு அவுட் ஆகிவிட்டதால் பேட்டர் ஓடலாம். கேட்சர் எடுத்து வீசியது முதல் பேஸுக்கு வெளியே போக, பேட்டர் இரண்டாம் பேஸில் நின்றார். பிறகு வலது பக்கம் ஒரு சிங்கிள். பந்து பிளேட்டுக்கு வருவதற்குள் ரன்னர் வந்துவிட்டார். 4-3. ஏழாவது இன்னிங்ஸில் எங்களுக்கு ரன் கிடைக்கவில்லை.

அன்று பேருந்தில் ஏறும்போது எல்லோரும் பேசியது, வலது ஃபீல்டரின் தாமதமான வீச்சைப் பற்றித்தான். ஸ்கோர் புத்தகமோ வேறொன்றைச் சொல்கிறது: இரண்டு ரன்னுக்கு எதிரணி அடித்தது ஒரே ஒரு ஹிட். அந்த ஹிட் விழுவதற்கு முன்பே, மூன்றாவது ஸ்ட்ரைக்கோடு இன்னிங்ஸ் முடிந்திருக்க வேண்டும். சமன் செய்த ரன் முளைத்த இடமோ யாருக்கும் நினைவில் இல்லாத அந்த முதல் பந்து.

எண்ணும்போது கடைசி இன்னிங்ஸிலிருந்து பின்னோக்கிச் செல்லாதீர்கள். முதல் இன்னிங்ஸிலிருந்து தொடங்கினால்தான் ஒரே வகைத் தானம் மூன்றாவது இன்னிங்ஸிலேயே ஒரு முறை நடந்து, ரன் ஆகாததால் கண்ணில் படாமல் போனது தெரியவரும்.

4. காரணங்களை நான்கு கூறாகப் பிரித்தல்

ஒவ்வொரு தானத்துக்கும் எதிரே ஓர் எழுத்து போடுங்கள். “அ” என்றால் எங்களுக்குக் கற்றுத்தரப்படாதது. “ஆ” என்றால் தெரிந்தும் பதற்றத்தில் தவறியது. “இ” என்றால் எதிரணியின் திறமை. “ஈ” என்றால் பயிற்சியாளரின் முடிவு. பிரிப்பதற்குக் காரணம், நான்குக்கும் மருந்து வேறு. கற்றுத்தராததை எத்தனை முறை கத்தினாலும் சரி செய்ய முடியாது. தெரிந்ததை மறுபடி முதலிலிருந்து விளக்கினால் பிள்ளைகளுக்கு எரிச்சல்தான் வரும். எதிரணியின் நல்ல அடிக்குப் பயிற்சி நேரத்தைச் செலவழிப்பது வீண்.

மேலே சொன்ன இன்னிங்ஸில் நழுவிய ஸ்ட்ரைக் “ஆ”. சிங்கிள் “இ”. காலியான மூன்றாம் பேஸை முதலில் “ஆ” என்று எழுதிவிட்டு, பிறகு அடித்தேன். பண்ட் வரும்போது முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் யார் ஓடுவது என்று சொல்லியிருந்தேனே தவிர, மூன்றாம் பேஸ் யாருடையது என்று நான் அந்த சீசனில் ஒரு முறைகூடச் சொல்லியிருக்கவில்லை. அது “அ”, கூடவே “ஈ”.

“ஈ” ஒன்றுகூட இல்லாத பட்டியல் வந்தால், அதை மறுபடி எழுதுங்கள். பிட்சர் தடுமாறத் தொடங்கியபோது நேரம் கேட்டு அழைக்காதது, களைத்தவரை மாற்றாதது, பேட்டிங் வரிசையைப் பழக்கத்தால் அப்படியே விட்டது எல்லாம் அதில்தான் சேரும்.

5. மறுநாள் கூட்டம்

இருபத்தைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். முதலில் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, “பந்து வருவதற்கு முன்னால் நான் செய்திருக்கக்கூடிய ஒன்று” என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மற்றவர் பெயர் வரக் கூடாது. “பந்து வருவதற்கு முன்னால்” என்ற சொற்றொடரை வேண்டுமென்றே வைத்திருக்கிறேன்: பந்து வந்த பிறகு நடந்ததைப் பற்றிக் கேட்டால் வருத்தம்தான் பதிலாக வரும், வருவதற்கு முன்னால் எங்கே நின்றாய், என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டால், மாற்றிக்கொள்ளக்கூடிய ஒன்று கிடைக்கும்.

வாசிக்கும் வரிசை முக்கியம். அணிக்குப் புதியவர்கள் முதலில், அணித்தலைவி கடைசியில். தலைவி முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதையே வேறு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

பிறகு உங்கள் பட்டியலில் உள்ள “ஈ”யை நீங்கள் வாசியுங்கள். மூன்றாம் பேஸை யாருக்கும் ஒதுக்காதது என் பிழை என்று நான் சொன்னபோது, அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த இரண்டாம் பேஸ் ஆட்டக்காரி நிமிர்ந்து, “அப்படியென்றால் நான் பந்தைக் கையிலேயே வைத்திருக்க வேண்டுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் அன்றைய கூட்டம் தொடங்கியது. வைத்திருக்க வேண்டும் என்பதே பதில். ஆளில்லாத பேஸுக்கு வீசினால் ஒரு பேஸ் இரண்டாகும்.

வீடியோ காட்டுவதானால் நான்கு துண்டுகளுக்கு மேல் வேண்டாம். அவற்றில் இரண்டு சரியாகச் செய்தவையாக இருக்கட்டும். தவறு நடக்கும் பந்துக்கு இரண்டு பந்துகள் முன்னாலிருந்தே ஓட்டிக் காட்டுங்கள். பந்து நழுவும் கணத்தை மெதுவாக, திரும்பத் திரும்பக் காட்டுவதால் அந்த மாணவிக்கு அந்தக் கணம் மனப்பாடமாகுமே தவிர, வேறு பயன் இல்லை.

6. பயிற்சியை மறுபடி கட்டுதல்

பட்டியலில் ஒன்பது தானம் இருந்தாலும் ஒரு வாரத்துக்கு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று “அ”விலிருந்து, ஒன்று “ஆ”விலிருந்து. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சரி செய்யப் போனால் எதுவும் பத்து முறைகூட நடக்காது.

“அ” வகைக்குப் பண்ட் எடுத்துக்காட்டு. முதல் பேஸில் மட்டும் ரன்னர் இருக்கும் நிலைக்கு நாங்கள் வைத்த ஏற்பாடு இது: முதல், மூன்றாம் பேஸ் ஆட்டக்காரிகள் பாய்கிறார்கள், இரண்டாம் பேஸ் ஆட்டக்காரி முதல் பேஸுக்கும் ஷார்ட்ஸ்டாப் இரண்டாம் பேஸுக்கும் ஓடுகிறார்கள், மூன்றாம் பேஸ் ஆட்டக்காரி பந்தை எடுத்தால் கேட்சர் மூன்றாம் பேஸுக்கு ஓடுகிறாள், பிட்சர் ஹோம் பிளேட்டைக் காக்கிறாள், வேறு யார் எடுத்தாலும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரி தன் இடத்துக்குத் திரும்புகிறாள், இடது ஃபீல்டர் எல்லா நிலையிலும் மூன்றாம் பேஸுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். வேறு ஏற்பாடுகளும் உண்டு. எது சிறந்தது என்பதைவிட, எல்லோருக்கும் ஒரே ஏற்பாடு தெரிந்திருப்பதே பெரிது.

கற்பிக்கும் வரிசை: முதலில் பந்தில்லாமல் நடந்து பார்ப்பது, பிறகு கையால் உருட்டிய பந்தோடு, பிறகு ரன்னரோடு, கடைசியில் உண்மையான வீச்சோடும் பண்ட்டோடும். பேஸ்களுக்கு இடையே 60 அடிதான்; இரண்டாம் பேஸைத் தாண்டி ஓடும் ரன்னர் மூன்றாம் பேஸை அடைவதற்குள் சிந்திக்க நேரமில்லை. கால்கள் தாமாகவே போக வேண்டும் என்பதால்தான் நடையிலிருந்து தொடங்குகிறோம். நேராக உண்மையான வீச்சுக்குப் போகும் பயிற்சியாளர்கள் முதல் அரைமணி நேரத்தில் ஆறு குழப்பங்களை மட்டுமே பார்ப்பார்கள்.

“ஆ” வகைக்குத் தேவை விளக்கமல்ல, நெருக்கடி. பலகையில் “ஆறாவது இன்னிங்ஸ், 3-2, இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக்” என்று எழுதிவிட்டு, பந்தைக் கேட்சர் முன்னால் தரையில் அடித்து, பேட்டர் இடத்திலிருந்து ஒருவரை ஓட விடுங்கள். பந்து கோட்டுக்கு எந்தப் பக்கம் கிடக்கிறதோ, அந்தப் பக்கமாக முதல் பேஸ் ஆட்டக்காரி கால் வைத்து “உள்ளே” அல்லது “வெளியே” என்று கத்த வேண்டும். இல்லையென்றால் வீச்சு ஓடுபவரின் முதுகின் மேலாகப் போகும். தவறினால் ஓட்டத் தண்டனை இல்லை. இன்னிங்ஸ் முதல் பேட்டரிலிருந்து மறுபடி தொடங்கும். மூன்று முறை அடுத்தடுத்துச் சுத்தமாக முடிந்தால் ஆட்களை மாற்றுங்கள்.

பிட்சருக்குத் தனியாக ஒரு பயிற்சி: இருபது முதல் பந்துகள். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் வட்டத்தை விட்டு வெளியேறி, பத்து விநாடி நின்று, மறுபடி உள்ளே வந்து வீச வேண்டும். தொடர்ச்சியாக வீசும்போது பத்தாவது பந்து யாருக்கும் ஸ்ட்ரைக்காகத்தான் விழும். ஆட்டத்திலோ ஒவ்வொரு பேட்டரின் முதல் பந்தும் ஓர் இடைவெளிக்குப் பிறகு வருகிறது. இடைவெளியையும் சேர்த்தே பழக வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பான் அணி அமெரிக்காவிடம் 4-1 என்று தோற்று, அதே நாளில் ஆஸ்திரேலியாவைப் பன்னிரண்டு இன்னிங்ஸில் வென்று, மறுநாள் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவையே 3-1 என்று வீழ்த்தியது. அந்த மூன்று ஆட்டங்களிலும் ஜப்பான் பிட்சர் யுகிகோ உயெனோ மொத்தம் 413 பந்துகள் வீசினார். தோல்வியிலிருந்து எழுவதற்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வார்கள். பள்ளி பிட்சருக்கு இதை முன்மாதிரியாக வைக்காதீர்கள். தோற்ற வாரத்தில் அவள் கூடுதலாக வீச விரும்புவாள். பந்துகளை எண்ணி நிறுத்துங்கள், மிச்ச நேரத்தில் இரண்டாவது பிட்சரைத் தயார் செய்யுங்கள்.

7. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே

தவறு செய்தவள் அடுத்த பந்துக்குத் திரும்பி வர உடல் சார்ந்த ஒரு செயல் வேண்டும். காலால் மண்ணை ஒரு முறை தேய்ப்பது, மூச்சை முழுதாக வெளியே விடுவது, பிறகு அவுட் எண்ணிக்கையையும் தான் வீசப்போகும் பேஸையும் உரக்கச் சொல்வது என்ற மூன்றும் எங்களுக்குப் போதுமானதாக இருந்தன. “மறந்துவிடு” என்று மனத்துக்குக் கட்டளையிட முடியாது. வாய்க்கும் காலுக்கும் வேலை கொடுக்கலாம். இதையும் பயிற்சியில் ஒவ்வொரு தவறுக்குப் பிறகும் செய்ய வைக்க வேண்டும். ஆட்டத்தன்று புதிதாகச் சொன்னால் நடக்காது.

டக்அவுட்டிலிருந்து எட்டுப் பேர் ஒரே நேரத்தில் “பரவாயில்லை” என்று கூவுவதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக அவுட் எத்தனை, அடுத்த வீச்சு எங்கே என்பதைக் கூவட்டும்.

8. அடுத்த ஆட்டத்தில் அளக்க வேண்டியவை

ஸ்கோரைச் சாராத மூன்று இலக்குகளை ஓர் அட்டையில் எழுதி டக்அவுட்டில் மாட்டுங்கள். எங்கள் அட்டையில் இருந்தவை: பத்து பேட்டர்களில் ஆறு பேருக்கு முதல் பந்து ஸ்ட்ரைக், தானம் ஐந்துக்குள், ஒவ்வொரு பண்ட்டிலும் மூன்றாம் பேஸில் ஆள். நீங்கள் உங்கள் பட்டியலிலிருந்து எடுங்கள்.

அடுத்த ஆட்டத்திலும் நாங்கள் தோற்றோம். தானம் ஏழு. ஆனால் நான்காவது இன்னிங்ஸில் அதே போன்ற ஒரு பண்ட் வந்தபோது கேட்சர் மூன்றாம் பேஸில் நின்றிருந்தாள். இரண்டாம் பேஸைத் தாண்டிய ரன்னர் அவளைப் பார்த்து நின்று, திரும்பினார். புத்தகத்தில் அதற்குக் குறியீடு இல்லை. ஸ்கோர் எழுதியவள் ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். ஓர் ஆட்டத்தை வைத்து முறையை மாற்றாமல், மூன்று ஆட்டங்களின் அட்டைகளைச் சேர்த்துப் பாருங்கள்.

பத்து ரன் வித்தியாசத்தில் ஆட்டம் பாதியிலேயே நிறுத்தப்படும் அளவுக்குத் தோற்றிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது தானம் எண்ணினால் பக்கம் நிரம்பிவிடும், பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். சுத்தமாக முடிந்த இன்னிங்ஸ் ஒன்றைத் தேடி எடுத்து, அதில் என்ன நடந்தது என்று பாருங்கள். அடுத்த ஆட்டத்தின் இலக்கு, அப்படி இரண்டு இன்னிங்ஸ்.

9. பயிற்சியாளரின் எல்லை

ஒரு மாணவி பல நாட்களாகத் தூங்கவில்லை, சாப்பிடுவதைக் குறைத்துவிட்டாள், வலியை மறைக்கிறாள், வகுப்புக்கே வர மறுக்கிறாள் என்றால், அது பேட்டிங் வரிசையை மாற்றிச் சரி செய்யும் விஷயமல்ல. பெற்றோரிடமும் பள்ளி ஆலோசகரிடமும் அன்றே சொல்லுங்கள்.

10. பழைய பயிற்சியை எப்போது விடுவது

மூன்று ஆட்டங்களில் ஒரு தானம் திரும்ப வரவில்லை என்றால், அந்தப் பயிற்சியை வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டு, பட்டியலில் அடுத்துள்ளதை எடுங்கள். தோற்ற ஆட்டத்தின் பெயரால் அந்தப் பயிற்சியை அழைக்கும் வழக்கம் தானாக வந்துவிடும். அதைத் தடுத்து வேறு பெயர் வையுங்கள். அடுத்த ஆண்டு சேரும் மாணவி, மூன்றாம் பேஸுக்கு ஓடுவதைக் கற்றுக்கொண்டால் போதும். அந்த ஆறாவது இன்னிங்ஸ் அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை.